கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை: தொடங்குவதற்கு முன்பிருந்து நிறுத்தும் நாள் வரை

சர்க்கரை நோய் பல வருடமாக இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்: "பகல்ல ஒண்ணும் தெரியல. ராத்திரி படுத்தா பாதம் எரியுது, போர்வை பட்டாலே தாங்க முடியல." டாக்டரிடம் போனால் ப்ரீகாபாலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் என்று ஏதாவது ஒன்றை எழுதித் தருகிறார். நாலு நாள் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். தலை சுற்றுகிறது, எரிச்சல் அப்படியே இருக்கிறது. மாத்திரையை ஓரம் கட்டிவிட்டு, கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல மருந்து ஒன்று வேலையைத் தொடங்கும் முன்பே இப்படிக் கைவிடப்படுவதைப் பார்க்க உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நரம்பு வலிக்கான மருந்தை வலிக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டால் பயன் இல்லை. கொஞ்சமாகத் தொடங்கி, மெல்ல ஏற்றி, சில வாரம் பொறுத்து, பயன் உண்டா என்று கணக்குப் பார்த்து, வேண்டாம் என்றால் மெல்ல இறக்கி நிறுத்த வேண்டும். எந்த மருந்து என்பதை முடிவு செய்வது டாக்டர். அவரிடம் சரியான விவரம் சொல்லவும், எழுதித் தந்ததைச் சரியாகச் சாப்பிடவும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. இது நரம்பு வலிதானா என்று பாருங்கள்

மூட்டு வலி நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். நரம்பு வலி பெரும்பாலும் நேர்மாறாக, ஓய்வாகப் படுத்திருக்கும்போதுதான் வாட்டும். எரிச்சல், குறுகுறுப்பு, ஊசி குத்துவது போன்ற வலி, சுரீரென்று ஷாக் அடிப்பது, மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு எல்லாம் அதன் அடையாளங்கள். சர்க்கரை நோயால் வருவது இரண்டு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். எரிகிற அதே பாதத்தில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் போவதும் உண்டு. வலியும் மரத்துப்போவதும் ஒன்றாக இருப்பது பலருக்குக் குழப்பமாக இருக்கும். பழுதான நரம்பு தொடுவதைச் சொல்ல மறந்து, இல்லாத வலியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு காலில் மட்டும் திடீரென்று வலி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, காலில் பலவீனம், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, நடந்தால் கெண்டைக்காலைப் பிடித்து நின்றால் விட்டுவிடுவது ஆகியவற்றுக்குக் காரணம் வேறு. முதுகுத் தண்டோ ரத்தக் குழாயோ காரணமாக இருக்கலாம். இவற்றுக்கு நரம்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நாளைத் தள்ளக் கூடாது. சிறுநீர் மலம் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு விஷயம் அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. நெடுநாள் கட்டுப்பாடில்லாமல் இருந்த சர்க்கரையை இன்சுலின் போட்டு இரண்டு மூன்று மாதத்துக்குள் வேகமாகக் குறைத்தால், சிலருக்கு அந்தச் சமயத்தில்தான் கால் எரிச்சல் புதிதாகத் தொடங்கும். "இன்சுலின் போட்டதால்தான் நரம்பு கெட்டது" என்று ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். இந்த வலி பெரும்பாலும் சில மாதங்களில் தானே தணியும். அதுவரை தாங்க மருந்து தருவார்கள்.

2. மாத்திரைக்கு முன் பரிசோதனை

ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. ப்ரீகாபாலினும் அதே வகை மருந்தான கபாபென்டினும் ஈரலில் கரைவதில்லை. கிட்னி வழியாகத்தான் அப்படியே வெளியேறுகின்றன. கிட்னியின் வேலை குறைந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கி, சாதாரண டோஸே அதிக டோஸாகிவிடும். தடுமாற்றம், பேச்சுக் குழறல், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாத நிலை வரை போகலாம். பழைய ரிப்போர்ட் ஒரு வருடத்துக்கு முந்தையது என்றால் புதிதாக எடுங்கள்.

இரண்டாவது வைட்டமின் பி12. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 குறையும். சைவ உணவுக்காரர்களுக்கு அது ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்புண்டு. பி12 குறைவே தனியாக நரம்பைக் கெடுத்து இதே எரிச்சலைத் தரும். அப்படியானால் மருந்தே வேறு. இதில் கவனம் என்னவென்றால், சத்து மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு பரிசோதித்தால் அளவு நன்றாக இருப்பது போலக் காட்டிவிடும். முதலில் ரத்தம் கொடுங்கள், அப்புறம் மாத்திரை.

தைராய்டு, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) இரண்டும் பார்ப்பார்கள். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் அமிட்ரிப்டிலின் தரும் முன் ஈசிஜி எடுப்பது நல்லது. பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டும், தட்டினால் அதிரும் இசைக்கவையை எலும்பில் வைத்தும் உணர்ச்சியைச் சோதிப்பார்கள். சில நிமிட வேலைதான். செய்யவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, இருமல் டானிக் உட்பட. மதுப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். புரோஸ்டேட் தொந்தரவு, கண் அழுத்த நோய், வலிப்பு, கர்ப்பம், கர்ப்பத்துக்கான திட்டம் இவையும் மருந்தை மாற்றும்.

3. மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். சீட்டில் எழுதிய பெயரை இணையத்தில் தேடினால் "வலிப்பு மருந்து", "மன அழுத்த மருந்து" என்று வரும். "எனக்கு எதுக்கு மனநல மாத்திரை?" என்று பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர் தவறாக எழுதவில்லை. இந்த மருந்துகள் வேறு நோய்க்காக வந்து, பிறகு நரம்பு வலிக்கும் பயன்படும் என்று தெரிந்தவை.

கபாபென்டின் 1993-ல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக அனுமதி பெற்றது. அக்கி வந்து போன பின் நிற்கும் வலிக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. அதன் உறவுக்கார மருந்தான ப்ரீகாபாலின் 2004-ன் கடைசியில் அனுமதி பெற்றது. இரண்டும் நரம்பு நுனியில் கால்சியம் உள்ளே போகும் வாசலில் ஒட்டிக்கொள்கின்றன. கால்சியம் குறைவாகப் போனால், வலிச் செய்தியைக் கடத்தும் ரசாயனங்களும் குறைவாக வெளியேறும். இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கபாபென்டினின் அளவைக் கூட்டக் கூட்டக் குடல் உறிஞ்சும் விகிதம் குறையும்: நாளுக்கு 900 மி.கி. சாப்பிட்டால் சுமார் 60 சதவீதம் ரத்தத்தில் சேரும், 2400 மி.கி. சாப்பிட்டால் 34 சதவீதம்தான். ப்ரீகாபாலினில் 90 சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிடும். ஆகவே "அது 300, இது 75தானே, லேசான மாத்திரை" என்று எண்ணை வைத்து ஒப்பிடக் கூடாது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம், எடை கூடுதல், கண் மங்கல் ஆகியவை இவற்றின் பக்க விளைவுகள். சர்க்கரைக்குப் பியோகிளிட்டசோனும் சாப்பிடுகிறவர்களுக்குக் கால் வீக்கம் கூடுதலாக வரும். இதயம் பலவீனமானவர்கள் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

அமிட்ரிப்டிலின் 1961-லிருந்து இருக்கும் பழைய மருந்து, விலையும் மிகக் குறைவு. வலிக்குத் தரும் அளவு இரவில் 10 மி.கி.-யில் தொடங்கும். மன அழுத்தத்துக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவு இது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலியை அமுக்கும் பாதை ஒன்று நம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பாதைக்குத் தேவையான நார்அட்ரினலின், செரட்டோனின் என்ற நரம்பு ரசாயனங்களை இந்த மருந்து கூடுதலாக நிற்க வைக்கிறது. தூக்கமும் வரும் என்பதால் எரிச்சலால் இரவு முழுவதும் விழித்திருப்பவர்களுக்கு இது இரட்டை உதவி. வாய் உலர்வது, மலச்சிக்கல், சிறுநீர் சரியாக இறங்காமல் போவது இதன் தொல்லைகள். புரோஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கு ஏற்றதல்ல. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம். அவர்களுக்கு இதை எழுத டாக்டர்கள் தயங்குவது நியாயம்தான். நார்ட்ரிப்டிலின் இதே குடும்பம், தூக்கக் கலக்கம் கொஞ்சம் குறைவு.

டுலாக்செட்டினும் அதே இறங்கு பாதையைப் பலப்படுத்துவதுதான். 30 மி.கி.-யில் ஒரு வாரம் தொடங்கி 60 மி.கி.-க்குப் போவது வழக்கம். குமட்டல் முதல் வாரத்தில் அதிகம் இருக்கும், சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் தணியும். வியர்வை கூடும், ரத்த அழுத்தம் சிலருக்கு ஏறும். ஈரல் கெட்டவர்கள், அதிகம் குடிப்பவர்கள், கிட்னி மிகவும் குறைந்தவர்கள் எடுக்கக் கூடாது. கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைக்க வேண்டாம், உள்ளே உள்ள குருணைகள் வயிற்று அமிலத்தைக் கடந்து போகும்படி பூச்சு போட்டவை.

எது சிறந்தது? இங்கிலாந்தில் 130 சர்க்கரை நோயாளிகளிடம் ப்ரீகாபாலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் மூன்றையும் மாற்றி மாற்றித் தந்து பார்த்த ஆய்வு 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எந்த மருந்தில் தொடங்கினாலும், தேவைப்பட்டவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபின், பத்துக்கு 6.6 இருந்த சராசரி வலி 3.3-க்கு இறங்கியது. ப்ரீகாபாலினில் தலைசுற்றல், டுலாக்செட்டினில் குமட்டல், அமிட்ரிப்டிலினில் வாய் உலர்வு கூடுதலாக இருந்தன. ஆகவே தேர்வு, உங்கள் உடம்பில் வேறு என்ன தொந்தரவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்க வேண்டும் என்பதில்லை. அந்த ஆய்விலும் வலி முழுக்கப் போய்விடவில்லை என்பதையும் கவனியுங்கள்: பாதியானது. டாக்டர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்றவை சாதாரண உடம்பு வலி, மூட்டு வலி போன்றவற்றுக்கானவை. நரம்பு வலியில் அவற்றால் பெரிய பயன் இல்லை. டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைச் சர்க்கரை நோயாளிகள் நெடுநாள் எடுத்தால் கிட்னிக்குக் கேடு.

4. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நம் ஊர் மருந்துக் கடைகளில் இந்த மருந்துகள் தனியாகக் கிடைப்பதைவிடக் கலவையாகக் கிடைப்பதே அதிகம். அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். "ப்ரீகாபாலின் 75 மி.கி., நார்ட்ரிப்டிலின் 10 மி.கி., மெத்தில்கோபாலமின் 1500 மை.கி." என்று இருக்கும். மூன்று மருந்து ஒரே மாத்திரையில். மூன்றாவது பி12 வைட்டமின்.

இதில் மூன்று சிக்கல். முதலாவது, ப்ரீகாபாலினை மட்டும் கூட்ட நினைத்து ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு போட்டால் நார்ட்ரிப்டிலினும் இரட்டிப்பாகிவிடும். இரண்டாவது, ஒரு டாக்டர் கலவை மாத்திரை எழுதியிருக்க, இன்னொருவர் தனி அமிட்ரிப்டிலின் எழுதினால், ஒரே குடும்பத்து மருந்து இரண்டு சேர்ந்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. மூன்றாவது, கால் வீங்கினாலோ சிறுநீர் நின்றாலோ எந்த மருந்தால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தொடங்கும்போது தனி மருந்தாகவும், அளவு நிலைத்தபின் வசதிக்காகக் கலவையாகவும் எடுப்பதே முறை என்பது என் கருத்து. டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

மருந்தின் பொதுப்பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வேறு கம்பெனி அட்டை தந்தால் ஒப்பிடலாம். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களில் பொதுப்பெயர் சொல்லிக் கேட்டால் செலவும் குறையும்.

5. முதல் இரண்டு வாரம்

பலர் தோற்பது இங்கேதான். தலைசுற்றலும் தூக்கமும் முதல் ஏழு, பத்து நாட்களில் அதிகமாக இருந்து, பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். ஆகவே முதல் டோஸை இரவில், மறுநாள் வேலை இல்லாத நாளில் தொடங்குங்கள். மாத்திரை எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தெரியும் வரை வண்டி ஓட்ட வேண்டாம், ஏணி ஏற வேண்டாம், இயந்திரத்தின் பக்கம் போக வேண்டாம். அமிட்ரிப்டிலினை இரவு எட்டு, ஒன்பது மணிக்கு எடுத்தால் காலையில் மந்தம் குறையும். படுக்கும் நேரத்தில் எடுத்தால் விடிந்தும் தலை கனக்கும்.

வயதானவர்கள் இரவில் கழிவறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதுதான் இந்த மருந்துகளில் நான் மிகவும் பயப்படும் ஆபத்து. சின்ன விளக்கை எரிய விடுங்கள். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

ப்ரீகாபாலின் சிலருக்கு 75 மி.கி. இரவில் என்றும், வயதானவர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் தொடங்கும். பிறகு காலை இரவு என்று இரண்டு வேளையாகும். அல்சருக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் சேர்ந்த ஆன்டாசிட் டானிக், கபாபென்டினை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

மனம் திடீரென்று இருண்டு போவது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இந்த வகை மருந்துகளில் அரிதாக வரும். வீட்டில் ஒருவருக்காவது இதைச் சொல்லி வையுங்கள். வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

6. பயனைக் கணக்குப் பாருங்கள்

ஒரு நோட்டில் தினமும் இரண்டே வரி போதும். தூங்கப் போகும் முன் பத்துக்கு எவ்வளவு வலி, எத்தனை முறை விழித்தீர்கள். "12-ம் தேதி: 7, மூன்று தடவை. 13: 7, இரண்டு தடவை." இப்படி. மாத்திரை அளவு மாறும் நாளைச் சுழித்து வைக்கவும். நினைவை நம்பி டாக்டரிடம் சொன்னால், முந்தின இரவு எப்படி இருந்ததோ அதைத்தான் சொல்வோம்.

தாங்கக்கூடிய அளவுக்கு ஏற்றி, அந்த அளவில் நாலு முதல் ஆறு வாரம் பார்க்க வேண்டும். ஏழில் இருந்த வலி ஐந்துக்கு வந்து, தூக்கமும் சீரானால் மருந்து கேட்கிறது என்று பொருள். ஒன்றும் அசையவில்லை என்றால் அதையே வருடக்கணக்கில் தொடர்வதில் அர்த்தமில்லை, மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பயன் இருந்தால் வேறு வகையிலிருந்து இரண்டாவதைச் சேர்க்கலாம். ப்ரீகாபாலினோடு டுலாக்செட்டின் சேரலாம். ப்ரீகாபாலினோடு கபாபென்டின் சேர்ப்பதில் பயனில்லை, இரண்டும் ஒரே வாசலில் நிற்பவை.

7. எதோடு சேரக் கூடாது

ப்ரீகாபாலின், கபாபென்டினோடு மது, தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்து எதுவும் சேர்ந்தால் மூச்சு மெதுவாகி நின்றுபோகும் அபாயம் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் இதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. ஆஸ்துமா, குறட்டையோடு மூச்சு நிற்கும் பிரச்சினை உள்ளவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல்.

டுலாக்செட்டின் அல்லது அமிட்ரிப்டிலினோடு டிரமடால் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறிப்போகலாம். நடுக்கம், காய்ச்சல், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டிரமடால் 2018-லிருந்து இந்தியாவில் போதை மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. வீட்டில் யாருக்கோ வாங்கி மீந்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் வேண்டவே வேண்டாம்.

8. மேலே தடவுவது

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் களிம்பு உதவும். ஒரு நாளில் மூன்று நாலு முறை, பல வாரம் விடாமல் தடவ வேண்டும். முதலில் எரிச்சல் கூடும், பிறகு அந்த நரம்பு நுனிகள் ஓய்ந்துவிடும். புண், வெடிப்பு மேல் தடவக் கூடாது. தடவிய கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். ஓரிடத்தில் மட்டும் வலி இருந்தால், முக்கியமாக அக்கிக்குப் பின் வரும் வலிக்கு, மரக்கச் செய்யும் லிடோகெயின் மருந்து தடவிய ஒட்டுப்பட்டை நல்லது.

9. முகத்தில் மின்னல் போல வெட்டினால்

பல் தேய்க்கும்போதும் முகம் கழுவும்போதும் ஒரு பக்கக் கன்னத்தில் நொடி நேரம் வெட்டிப் போகும் வலி வேறு நோய். பல் வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. இதற்குக் கார்பமாசெபின்தான் முதல் மருந்து, 1960-களின் தொடக்கத்திலிருந்து பயன்படுகிறது. நன்றாகக் கேட்கும். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் தடிப்பு வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் உரிந்துபோகும் கடும் ஒவ்வாமையின் தொடக்கமாக அது இருக்கலாம். ஆசிய மரபு உள்ளவர்களில் சிலருக்கு இருக்கும் ஒரு மரபணு வகை இந்த அபாயத்தைக் கூட்டுகிறது, அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ரத்தத்தில் சோடியம் குறையவும் வாய்ப்புண்டு. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் வேலையையும் இது குறைத்துவிடும்.

10. வலி குறைந்த காலைக் கவனியுங்கள்

மாத்திரை எரிச்சலைத் தணிக்கும். கெட்ட நரம்பைச் சரி செய்யாது. மரத்த பாதம் மரத்தபடியே இருக்கும். தினமும் இரவு பாதத்தையும் விரல் இடுக்கையும் கண்ணால் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எரிகிறதே என்று வெந்நீரில் கால் வைக்க வேண்டாம், சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும். கோயிலில் மதிய வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றுவதும் அப்படித்தான். விடியற்காலையில் போங்கள், அல்லது கோயில் அனுமதித்தால் தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வெளியே போக எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு நல்லது.

11. நிறுத்துவது

மூன்று முதல் ஆறு மாதம் நன்றாக இருந்தால், அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல், வியர்வை, பதற்றம் வரும். டுலாக்செட்டினில் தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ப்ரீகாபாலின், கபாபென்டின், கார்பமாசெபின் திடீரென நின்றால் வலிப்பே வந்துவிடலாம். ப்ரீகாபாலினை இறக்கக் குறைந்தது ஒரு வாரம், டுலாக்செட்டினுக்கு இரண்டு வாரம் வேண்டும். நெடுநாள் அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கு மாதக் கணக்கிலும் ஆகலாம். இறக்கும் நாட்களிலும் அந்த நோட்டை எழுதுங்கள். வலி திரும்பினால் கடைசியாக நன்றாக இருந்த அளவு எது என்று அதில் இருக்கும். டாக்டரிடம் சொல்லி அதற்கே திரும்பிப் போகலாம்.

தெரியாமல் நின்றுபோவதும் உண்டு. வெளியூர்ப் பயணம், பண்டிகை விடுமுறை, அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி இருக்கும் நாள் எல்லாம் அப்படிப்பட்டவை. அட்டையில் பத்து மாத்திரை இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஆபரேஷனுக்குச் சேரும்போது மயக்க மருந்து டாக்டரிடம் இந்த மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்லி, அன்று காலை எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.